மணியன் காது

தன் பாட்டைக் களவாண்டவர்களையெல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டால் விருதுநகர் மாவட்டத்து அரிசி காணாது என்பது சீனிச்சாமியின் முடிவு. அந்தப் பந்தியில் முதல் இலை அவன் சொந்த மச்சான் முத்துக்குமரனுக்கு. பொண்டாட்டியின் அண்ணன், செட்டியார்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவன். முத்துக்குமரனின் பென் டிரைவில் இல்லாத பாட்டு கிடையாது. காசு கொடுத்து அவன் வாங்கிய பாட்டு என்று ஒன்றும் கிடையாது.

சீனிச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை மாடியொன்றில் 'அலங்காரி ஆடியோஸ்' நடத்துகிறான். நடத்துகிறான் என்பது மரியாதைக்குச் சொல்வது. சாமி பாட்டு எழுதி, பாட வைத்து, சி.டி. போட்டுக் கோயில் வாசல் கடைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி. மெமரி கார்டு வந்தபோது அதற்கு ஒரு கால் போயிற்று, வாட்சப் வந்தபோது மறுகாலும் போயிற்று. இப்போது அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், விலை போகாத சி.டி. பெட்டிகள், அவற்றின் மேல் ஒரு பூனை. கீழ்க்கடையில் 'ஒரிஜினல்' என்று போர்டு இருக்கும். பக்கத்துக் கடையிலும் 'ஒரிஜினல்'. எதிர்த்த கடையில் 'இதுவே ஒரிஜினல்'. படியேறும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும்.

அவன் எழுதிய பாட்டுகளில் முக்கால்வாசி சுமார், மிச்சம் மோசம். அது அவனுக்கே தெரியும். சாமி பேரை மட்டும் மாற்றினால் எந்தக் கோயிலுக்கும் பொருந்துகிற சரக்கு. ஒன்றே ஒன்றுதான் நிஜமான பாட்டு. அது அவனுடைய நாய் செத்த வாரத்தில் எழுதியது.

ராஜபாளையத்தில் அவன் குடியிருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ராஜு, 'மஞ்சி குக்க, மஞ்சி குக்க', நல்ல நாய் நல்ல நாய் என்று தெலுங்கில் புகழ்ந்து அவன் தலையில் கட்டிய குட்டி அது. பால் வெள்ளை, சாதி நாய். ஆனால் ஒரு காது விடைத்து நிற்கும், மறுகாது சப்பென்று மடிந்து கிடக்கும். அதனாலேயே விலை போகாமல் கிடந்தது. மணியன் என்று பேர் வைத்தான். காலையில் அவன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிற வரை கூடவே வரும், சாயங்காலம் அதே இடத்தில் வந்து நிற்கும். அவனுக்கு முன்னே முன்னே ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடியும் ஓடும். ஒரு நாள் அப்படித் திரும்பிப் பார்த்த நேரத்தில் மில் பஸ் அடித்துவிட்டது.

அவன் பொண்டாட்டி மாரிச்செல்வி அன்று அடுப்புப் பற்ற வைக்கவில்லை. சீனிச்சாமிக்கு அழ வெட்கமாக இருந்தது. மீசை நரைத்த ஆம்பளை ஒருத்தன் நாய்க்கு ஒப்பாரி எழுதினால் ஊர் சிரிக்கும். கருப்பனுக்கு எழுதினால் ஊரே கும்பிடும். அவன் குலசாமியான ஓடைக் கருப்பனைக் குதிரையில் ஏற்றி, குதிரைக்கு முன்னால் மணியனை ஓட விட்டான்.

'ஓடைப் புழுதி பறக்குதடி - கருப்பன்
ஒத்தக் குதிரை வருகுதடி
ஒத்தக் காது மடிஞ்ச மணியன்
முன்னே முன்னே ஓடுதடி'

பாடியவள் அழகுத்தாய். பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவள். தொண்டையில் கொஞ்சம் தூசி இருக்கும், அந்தத் தூசிதான் அவள் குரலுக்கு அழகு. பாடி முடித்துவிட்டு, "யாருண்ணே இந்த மணியன்?" என்று கேட்டாள்.

"கருப்பன் நாயி" என்றான் சீனிச்சாமி.

சி.டி. ஏதோ கொஞ்சம் விற்றது. பாட்டு மட்டும் சி.டி.யை விட்டு இறங்கித் தன் போக்கில் நடந்து போய்விட்டது. டவுன் பஸ்ஸில், ஆட்டோவில், கல்யாண வீட்டில், காதுகுத்தில், கேட்டவன் கேட்காதவன் போனிலெல்லாம் அதுதான். சீனிச்சாமிக்குக் கோபம் தலைக்கேறியது. பாட்டின் நடுவில் தன் குரலையே நுழைத்துப் புதிதாக ஒரு பதிப்பு விட்டான். 'பக்த கோடிகளே, இது அலங்காரியின் சொந்தப் பாட்டு. இதைக் காப்பி எடுப்பவர்களைக் கருப்பன் கேட்பான்' என்று கட்டைக் குரலில் ஒரு மிரட்டல்.

சனங்கள் மிரட்டலையும் சேர்த்துக் காப்பி எடுத்தார்கள். அது பாட்டை விடப் பிடித்துப்போயிற்று. அந்த இடம் வந்தால் பெண்கள் குலவை போட ஆரம்பித்தார்கள். ஒரு கரகாட்டக்காரி அந்த மிரட்டலை அப்படியே மனப்பாடம் செய்து, கண்ணை உருட்டி மேடையில் சொல்லி, கைத்தட்டல் வாங்கினாள். ஒரு ஊரில் அலங்காரி என்பது கருப்பனின் தங்கச்சி என்று முடிவு கட்டித் தனியாக ஒரு பொங்கலே வைத்துவிட்டார்கள்.

போலீசுக்குப் போனான். ஏட்டையா நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். "என்ன பாட்டு, கொஞ்சம் பாடிக் காட்டும்" என்றார். சீனிச்சாமி வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. ஓடைப் புழுதி பறந்தது, ஒத்தக் குதிரை வந்தது.

"இந்தப் பாட்டுதான்யா" என்றான் சீனிச்சாமி.

ஏட்டையா போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எங்க முப்பாட்டன் காலத்துப் பாட்டுல்லா. இத நீரு எப்பிடிவே எழுதுவீரு?"

சரி, காலம் மாறிப்போச்சு, நாமும் நெட்டுக்குப் போவோம் என்று ஒரு சேனல் ஆரம்பித்துப் பாட்டை ஏற்றினான். மறுநாளே நோட்டீஸ் வந்தது. நீர் ஏற்றியிருப்பது அடுத்தவர் சொத்து, எடுத்துவிட்டோம், இன்னொரு தடவை செய்தால் கடையையே மூடுவோம் என்று. சொத்துக்காரர் யாரென்று பார்த்தால் 'சுடர்க்கொடி பக்திச்சோலை' என்று எவனோ ஒருவன். அவனுடைய வீடியோவின் அடியில் 'பாரம்பரியக் கிராமியப் பாடல், இயற்றியவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தான். அன்று சாயங்காலம் சீனிச்சாமி சாப்பிடவில்லை. திருட்டைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை என்று சொல்லி வளர்க்கிறார்களே என்று மாரிச்செல்வியிடம் புலம்பினான்.

முத்துக்குமரனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டான். "ஓய் மச்சான், நீருதான்யா மொதக் களவாணி. ஒம்ம பென் டிரைவுலேர்ந்துதான் ஊரு பூரா போயிருக்கு."

"மாப்ள, காத்துல வார பாட்டுக்கு வேலி போடச் சொல்லுதீரு. நான் போடலன்னா இன்னொருத்தன் போடுவான். அந்தப் பாட்டப் போடலன்னா சாமியே எறங்க மாட்டேங்காவ, நான் என்ன செய்யட்டும்?"

இந்தக் கடைசி வார்த்தை சீனிச்சாமியின் மூளையில் போய்த் தைத்தது. சட்டத்துக்குப் பயப்படாத சனம், போலீசுக்குப் பயப்படாத சனம், ஒரே ஒருத்தனுக்குத்தான் பயப்படும். மகாராஜபுரம் பக்கத்து ஓடைக் கரையில் இருக்கிற அந்தக் கருப்பனை இறக்கி ஆடுகிற உரிமை சீனிச்சாமி வீட்டுக்குத்தான். அவன் அப்பா ஆடினார். அவர் போன பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. வருசா வருசம் பங்காளிகள் இவனைக் கூப்பிடுவார்கள். அரிவாள் மேல் ஏறி நிற்பதற்குப் பயந்துகொண்டு இவன் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தான். இந்த வருசக் கோயில் பொங்கலுக்குப் போவோம், அருள் வந்த மாதிரி ஆடுவோம், பாட்டு சீனிச்சாமி எழுதியது, அவன் பேரைச் சொல்லாமல் போடுகிறவன் குடும்பம் விளங்காது என்று கருப்பன் வாயால் ஒரே போடாகப் போட்டுவிடுவோம் என்று தீர்மானித்தான்.

கறி, மீன் விட்டான். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆடிப் பழகினான். மாரிச்செல்வி அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பசாமி இப்பிடித்தான் எக்கி எக்கி ஆடுவாவளா? வாயுத் தொல்ல வந்த மாதிரி இருக்கு."

"ஏட்டி, வாயக் கழுவு. சாமி காரியம்."

"சாமி காரியமாக்கும். பாட்டுக் காரியம்னு எனக்குத் தெரியாதாக்கும். சாமிகிட்ட வெளாடாதிய, நான் சொல்லுதத சொல்லிட்டேன்."

அவன் காதில் வாங்கவில்லை. அரிவாள் மேல் ஏறச் சொல்வதற்குள் பேசி முடிக்க வேண்டிய வாக்கையும் வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டான்.

பொங்கலன்று உச்சி வேளைக்கு முன்பே இரண்டு பேரும் போய் இறங்கினார்கள். ஓடைக் கரையில் வேன்களும் டிராக்டர்களும் நின்றன. புளிய மரத்துக்கு மரம் முத்துக்குமரனின் குழாய் ரேடியோ கட்டியிருந்தது. பூசாரி பால்ச்சாமி, முறைக்குச் சித்தப்பா, ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாவது புத்தி வந்துச்சேலே. ஒங்கப்பன் ஆடுன எடம் எம்புட்டு நாளா சும்மா கெடக்கு. வா, மொத மணியனக் கும்பிட்டுட்டு உள்ள போ."

சீனிச்சாமி கையை உருவிக்கொண்டான். "யாரக் கும்பிடணும்?"

கருப்பன் குதிரைக்கு முன்னால் புதிதாக ஒரு சிமெண்டுச் சிலை இருந்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்த நாய். கழுத்திலிருந்து தலை வரை கேந்திப்பூ மாலையாகக் குவிந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. முன்னால் ஒரு தட்டில் பொங்கல், ஒரு பொறை பிஸ்கட் வேறு. ஒரு கிழவி அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

"முந்நூறு வருசத்துக்கு முந்தி கருப்பன் கூட இந்த ஓடையத் தாண்டி வந்த நாயி" என்றார் பால்ச்சாமி. "மணியன்னு பேரு. களவாணிப் பயலுவ வாடையக் கண்டா விடாது. இப்பம் காணாமப் போன ஆடு மாடுக்கெல்லாம் இவனுக்குத்தான் நேந்துக்கிடுதாவ."

"இதெல்லாம் யாரு சித்தப்பா ஒமக்குச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? பாட்டுலயே இருக்குல்லா."

சீனிச்சாமி திரும்பிப் பொண்டாட்டியைப் பார்த்தான். மாரிச்செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாட்டைத்தான் எடுத்தார்கள் என்று பார்த்தால் நாயையுமா எடுப்பார்கள்? இருங்கடா, இன்றைக்குக் கருப்பன் வந்து ஆளுக்கொரு சூடு போடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஓடையில் குளிக்க வைத்து, திருநீறு பூசி, சாமியாடி உடுத்துகிற சல்லடமும் கச்சையும் கட்டி, கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். கொட்டு அடித்தது. கூட்டம் நெருக்கியடித்து வட்டம் கட்டியது. முதல் வரிசையிலிருந்த கையிலெல்லாம் போன். முத்துக்குமரன் ஆம்பிளிபயருக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைக் காட்டிவிட்டு, அந்தப் பாட்டைப் போட்டான்.

சீனிச்சாமி பழகியபடியே எக்கினான். உடம்பை முறுக்கினான். சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் எதிர்பார்க்காதது ஒன்றுதான். கூட்டம் கூடச் சேர்ந்து பாடியது.

இத்தனை வருசமாக அவன் அந்தப் பாட்டை ஒரு தடவை கூடப் பாட்டாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் கேட்டால் எந்தக் காப்பி என்று பார்ப்பான், டீக்கடையில் கேட்டால் எவன் போட்டான் என்று பார்ப்பான். பறிகொடுத்தவன் காதால்தான் கேட்டிருக்கிறான். இப்போது கை கால் வேறு வேலையாக இருக்க, காது சும்மா இருந்தது. அழகுத்தாயின் தூசி படிந்த குரல் புளிய மரத்திலிருந்து இறங்கியது. கிழவிகள் பாடினார்கள், லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரன் பாடினான், பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டே ஒருத்தி பாடினாள். ஒத்தக் காது மடிஞ்ச மணியன், முன்னே முன்னே ஓடுதடி. அத்தனை வாயும் சேர்ந்து அவனுடைய நாயைக் கூப்பிட்டன.

அது நின்று திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எக்கியது அவன் இல்லை. முட்டி இரண்டும் தானாக நடுங்கியது, பல் கிட்டியது, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டு வந்தது. சாமிதானா, வேறு ஏதாவதா என்று கேட்டால் அவனுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மணியன் செத்த வாரத்தில் அழாமல் விட்ட அழுகை அது என்பாள் மாரிச்செல்வி. அந்த நேரம் பார்த்து, 'காப்பி எடுப்பவர்களைக் கருப்பன் கேட்பான்' என்று குழாயில் அவன் குரலே வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அவன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடி, சிமெண்டு நாயின் முன்னால் விழுந்தான்.

கொட்டு நின்றது. பால்ச்சாமி திருநீற்றுத் தட்டோடு வந்து நின்றார். "வந்திருக்கது யாரு? சொல்லணும்."

"கருப்பன்லே" என்று அவன் வாய் சொன்னது.

"பிள்ளைகள் மேல ஏதும் கொறையா? வாக்குச் சொல்லுங்கய்யா."

இதுதான் நேரம். போன்கள் எல்லாம் அவன் முகத்துக்கு நேரே நீண்டிருந்தன. சொன்னால் ராத்திரிக்குள் மாவட்டம் பூராவும் போய்ச் சேரும். பாட்டு சீனிச்சாமி எழுதியது என்கிற வாக்கு வரி பிசகாமல் நாக்கு நுனியில் நின்றது. அவன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தான். கட்டிய வேகத்தில் மாலையெல்லாம் சரிந்து விழுந்தது. காது தெரிந்தது.

இடது காது மடிந்திருந்தது.

அவன் பார்த்தான். தடவிப் பார்த்தான். நாக்கு நுனியில் நின்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"காது தப்புலே" என்றான். "வலது காதுதாம்லே மடிஞ்சிருக்கும். எம் புள்ளைக்கு வலது காதுதாம்லே. எடது காது வெடச்சிக்கிட்டு நிக்கும். எவம்லே மாத்தி வச்சது?"

பால்ச்சாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அய்யா, தப்புத்தான்யா. பாட்டுல ஒத்தக் காதுன்னுதான் இருக்கு, எந்தக் காதுன்னு இல்ல. கொத்தனாரு குத்துமதிப்பா வச்சிட்டான்." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாத்துக்கிடுங்க. பாட்டுல இல்லாத சங்கதி. கருப்பனத் தவிர இது எந்த மனுசனுக்குத் தெரியும்?"

கூட்டம் மொத்தமும் விழுந்து கும்பிட்டது. குலவை ஓடையைத் தாண்டிக் கேட்டது. பாட்டை எழுதியவன் அவன் என்பதற்கு உலகத்திலிருந்த ஒரே சாட்சி அந்த வலது காது. அதையும் எடுத்துக் கருப்பன் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள்.

மாரிச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு செம்பில் தண்ணீரோடு வந்தாள். சாமிக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ஆமா" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "வலதுதான்."

அந்த வீடியோ ராஜபாளையத்துக்கு அவர்கள் பஸ் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் போனுக்கே ஏழெட்டுக் குரூப்பிலிருந்து வந்தது. ஒன்றில் சுடர்க்கொடி பக்திச்சோலையின் முத்திரை குறுக்கே ஓடியது. அடியில், 'எங்கள் பிரத்தியேகக் காட்சி. காப்பி எடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தான். மாரிச்செல்வி அதை வாசித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சீனிச்சாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து முத்துக்குமரன் போன் செய்தான். பின்னால் கரண்டியால் சிமெண்டு பூசுகிற சத்தம் கேட்டது.

"மாப்ள, கோயில்லதான் நிக்கேன். அம்புட்டுப் பேரு கேக்க நின்னாவ, பாட்டு யாருதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. கோட்ட விட்டுட்டீரே."

"காதச் சரி பண்ணிட்டானா?"

"வலது காத மடக்கிட்டான். இப்பம் எடது காத வெடச்ச மாதிரி நிமித்திக்கிட்டு இருக்கான்."

"போட்டோ எடுத்து அனுப்பும்."

போட்டோ வந்தது. ஈரச் சிமெண்டு இன்னும் காயவில்லை. பெயிண்டும் அடிக்கவில்லை. ஆனால் அது மணியன்தான். தலையைச் சாய்த்து, இன்னும் ஏன் வரவில்லை என்று திரும்பிப் பார்க்கிற மணியன். சீனிச்சாமி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முத்துக்குமரன் இன்னும் லைனில்தான் இருந்தான்.

"மாப்ள, நாளைக்கி அய்யனார் கோவில் பக்கம் ஒரு கெடாவெட்டு. அந்தப் பாட்டத்தான் கேக்காவ. போடவா, வேண்டாமா? பொறவு களவாணின்னு வையப்பிடாது."

"போடும்" என்றான் சீனிச்சாமி. "சத்தத்தக் கூட்டி வையும்."